ரபா நூயின் மண்ணும் நெடுந்தீவின் குதிரைகளும்

நெடுந்தீவுக்குப் போகிற எவரும் குதிரை பார்க்காமல் திரும்புவதில்லை. நாங்களும் அதற்காகத்தான் போனோம். யாழ்ப்பாணத்தில் 776 பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஓடி, குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து ஒரு மணித்தியாலக் கடல். ஆவணி மாதம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பிடரி பறக்க ஓடுகிற குதிரைகளைப் படங்களில் பார்த்துவிட்டுப் போன எங்களுக்குக் கிடைத்தது வேறு காட்சி. வெட்டவெளியில் ஏழெட்டுக் குதிரைகள் அசையாமல் நின்றன. விலா எலும்பை எண்ணலாம். பின்னந்தொடை வற்றி, இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த ஐயா ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பிள்ளையள், குதிரை பாக்கவோ வந்தனீங்கள்? மாரி முடியட்டும், அப்ப வந்து பாருங்கோ. இப்ப அதுகள் தங்கட இறைச்சியைத் தாங்களே தின்னுற காலம்."

ஊர்ப்பேச்சு என்றுதான் முதலில் நினைத்தோம். திரும்பி வரும் படகில், எங்களில் உயிரியல் படிக்கிற ஒருத்தி சொன்னாள்: "அவர் சொன்னது சும்மா பேச்சில்லை. அப்படியே பாடப்புத்தகம்." அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. வாசிக்க வாசிக்க, கதை எங்கள் தீவிலிருந்து புறப்பட்டு உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிற இன்னொரு தீவுக்குப் போனது. அங்கேயும் கட்டாக்காலிக் குதிரைகள். அங்கேயும் ஒல்லாந்தர் வைத்த பெயர்.

முதலில் தசையைப் பற்றிக் கொஞ்சம். தசை என்றால் தூக்க, நடக்க, ஓட என்றுதான் நினைக்கிறோம். அது ஒரு களஞ்சியமும்கூட. சாதாரண உடம்பின் எடையில் ஏறத்தாழ 40 வீதம் எலும்போடு ஒட்டிய தசை. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறுகிற சீனியை, இன்சுலின் சொல்கேட்டுப் பெரும்பங்கு உள்ளே இழுப்பது அதுதான். பட்டினியில் எல்லாம் தலைகீழ். மூளைக்குச் சீனி வேண்டும். ஈரலில் சேமித்தது ஒரு நாள் அளவில் முடிந்துவிடும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து உடம்பு எடுக்கக்கூடிய சீனி மிகக் கொஞ்சம். ஆகவே தசையின் புரதம் உடைகிறது, உடைந்த துண்டுகள் ஈரலுக்குப் போகின்றன, ஈரல் அவற்றைச் சீனியாக்குகிறது. தன் இறைச்சியைத் தானே தின்பது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எங்களிடம் இல்லை.

ஆனால் தசைக்கு எப்படித் தெரியும், இது சேர்க்கிற காலமா அழிக்கிற காலமா என்று? யாரோ சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுவருகிறவற்றைத்தான் வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். இன்சுலின் எல்லாருக்கும் தெரியும். 1921இல் ரொறன்ரோவில் பான்டிங்கும் பெஸ்ற்றும் பிரித்தெடுக்கத் தொடங்கியது. அதற்கு ஒரு சகோதரம் உண்டு: இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி 1. பெரும்பாலும் ஈரல் சுரக்கும், தசையும் தனக்கென்று கொஞ்சம் செய்துகொள்ளும். 1957இலேயே சல்மன், டோகடே என்ற இருவர் இதன் தடத்தைக் கண்டுவிட்டார்கள். உருவம் முழுதாகத் தெரிய எழுபதுகளின் இறுதி ஆயிற்று. செய்தி வருகிறது என்பது தெரிந்தது. கலத்துக்குள் அந்தச் செய்தியைக் கேட்டு வேலையைத் தொடக்குவது யார் என்பது தெரியாமல் இருந்தது. அந்த விடைதான் ஒரு பிடி மண்ணில் கிடைத்தது.

அந்தத் தீவின் பெயர் ரபா நூய். பசிபிக் நடுவில், சிலி நாட்டிலிருந்து 3,500 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி. 1722 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஒல்லாந்த மாலுமி ஜேகப் ரொக்கவீன் அங்கே கரை கண்டதால் ஈஸ்டர் தீவு என்று பெயர் போட்டுவிட்டார். அங்கே இருந்த சனத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. எங்களுக்கு இது புதிதில்லை. அதே ஒல்லாந்தர்தான் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள்: ஊர்காவற்றுறைத் தீவு லெய்டன், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு ஆம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க். ரொக்கவீன் பிறந்த ஊரும் மிடில்பேர்க்தான்! மற்றப் பெயரெல்லாம் உதிர்ந்துபோக, நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலப் பலகைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

குதிரைகளுக்கும் அதே கதை. நெடுந்தீவுக் குதிரைகளை முதலில் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர் என்பது ஊரில் உள்ள பேச்சு. ஒல்லாந்தர் காலத்து லாயத்தின் தூண்கள் இப்போதும் நிற்கின்றன. பிறகு பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரி குதிரை வளர்ப்பைத் தொடர்ந்தார். தேவை முடிந்ததும் குதிரைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரபா நூயில் 19ஆம் நூற்றாண்டில் குதிரைகள் வந்திறங்கின. அங்கேயும் அவை பெருகித் தீவெங்கும் திரிகின்றன. வெளியார் வந்தார்கள், மிருகத்தை இறக்கினார்கள், போனார்கள்.

அந்தத் தீவாருக்கு நடந்தது இதைவிட மோசம். 1862இல் பெரு நாட்டிலிருந்து வந்த அடிமை வேட்டைக்காரர்கள் ஏறத்தாழ 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த சிலரோடு அம்மை நோயும் வந்தது. 1877இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். 1888இல் சிலி தீவைத் தன்னோடு சேர்த்தது; அதன்பின் தீவின் பெரும்பகுதி ஒரு கம்பனியின் ஆட்டுப் பண்ணை. சனத்தை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைத்து வைத்தார்கள். 1953இல் கம்பனி போனது, கடற்படை வந்தது. தீவை விட்டு வெளியே போகவும் அனுமதி வேண்டும். இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரபமைசின் கதையைச் சொல்கிற பல கட்டுரைகள், மண் ஏதோ ஆளில்லாத தீவில் இருந்து வந்தது போல எழுதுகின்றன.

1964 மார்கழியில் கனடாவிலிருந்து ஒரு கப்பல் வந்தது. மொன்றியலைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டான்லி ஸ்கொரைனா தலைமையில் ஏறத்தாழ 40 பேர். தீவில் விமானத் தளம் வரப்போகிறது, வெளியுலகம் உள்ளே வரப்போகிறது, அதற்கு முன்னால் இந்த ஒதுங்கிய சனத்தின் உடம்பையும் நோயையும் பதிந்துவைப்போம் என்பது திட்டம். தீவில் இருந்த கிட்டத்தட்ட ஆயிரம் பேரையும் பரிசோதித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். அதே வாரங்களில்தான் 22 வயதான பள்ளிக்கூட வாத்தியார் அல்போன்சோ ராப்பு தலைமையில் தீவார் கடற்படை ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். அடுத்த மாதமே அவரை மேயராகத் தெரிந்தார்கள். 1966இல்தான் அவர்களுக்கு முழுக் குடியுரிமை. ஆக, இரத்தமும் மண்ணும் எடுக்கப்பட்டபோது, வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் அந்தச் சனம் இல்லை.

வந்தவர்களில் ஜோர்ஜ் நோக்ராடி என்ற நுண்ணுயிரியலாளரும் ஒருவர். அவருக்கு ஒரு நல்ல சந்தேகம். குதிரைச் சாணம் உள்ள இடத்தில் ஈர்ப்புவலிக் கிருமி இருக்கும். இந்தத் தீவோ குதிரை மயம், சனமோ வெறுங்காலில் நடக்கிறது. அப்படியிருந்தும் ஈர்ப்புவலி ஏன் வரவில்லை? தீவை 67 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண் எடுத்தார். அந்தக் கிருமியின் வித்து ஒரேயொரு குப்பியில்தான் கிடைத்ததாம். அவர் தேடிப் போன கேள்வி அத்தோடு முடிந்தது. மண் முடியவில்லை. குப்பிகள் மொன்றியலில் இருந்த அயர்ஸ்ட் மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மண் எடுக்கப் போன காரணமே குதிரை என்பதை வாசித்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அயர்ஸ்டில் வேலை செய்தவர் சுரேந்திர நாத் சேகல். இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஷாப் பகுதியில் 1932இல் பிறந்தவர். பிரிவினைக்குப் பின் காசி இந்துப் பல்கலைக்கழகம், பிறகு பிறிஸ்டலில் கலாநிதிப் பட்டம், 1959 முதல் மொன்றியல். அவரும் சகாக்களும் 1972இல் அந்த மண்ணில் ஒரு ஸ்ரெப்ரோமைசிஸ் பக்ரீரியாவிடமிருந்து பூஞ்சையைக் கொல்கிற ஒரு பொருளைப் பிரித்தார்கள். ஸ்ரெப்ரோமைசிஸ் எங்களுக்கு அந்நியமில்லை. முதல் மழை விழும்போது எழுகிற மண்வாசம் இந்த வகைக் கிருமிகள் செய்கிற வேலைதான். தீவின் பெயரை வைத்துப் புதுப் பொருளுக்கு ரபமைசின் என்று பெயரிட்டார்கள். 1975இல் கட்டுரை வந்தது. மண் எந்தத் தீவினது என்று அதில் இருந்தது. அதை எடுத்துவந்த பயணத்துக்கோ தீவாருக்கோ அதில் இடம் இல்லை.

பூஞ்சை மருந்தாக அது தேறவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பனி மொன்றியல் ஆய்வுகூடத்தை மூடிவிட்டு, தேவையில்லாதவற்றை அழிக்கச் சொன்னது. சேகல் கடைசியாக ஒரு தொகுதி ரபமைசினைச் செய்து, குப்பிகளில் அடைத்து, வீட்டுக் குளிர்ப்பெட்டியில் ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில் வைத்தார். வீடு மாறி அமெரிக்காவுக்குப் போனபோதும் உறையவைத்த நிலையிலேயே கூடக் கொண்டுபோனார். கம்பனி இன்னொன்றோடு சேர்ந்து நிர்வாகம் மாறிய பிறகுதான் அவர் பேச்சு எடுபட்டது. சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கான மருந்தாக 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2003இல் சேகல் புற்றுநோயால் இறந்தார். கடைசிக் காலத்தில் தன் மருந்தைத் தானே குடித்துப் பார்த்தவர் அவர். ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு பிடிவாதம் இல்லையென்றால் அந்த 67 குப்பிகளும் மொன்றியல் குப்பைக்குள் போயிருக்கும்.

மருந்தின் கதை இதுதான். தசையின் கதை இங்கேதான் திரும்புகிறது. ரபமைசின் கலத்துக்குள் போய் எதைப் பிடித்து நிறுத்துகிறது? சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் மைக்கேல் ஹோல், ஜோ ஹைற்மன், ராவ் மொவ்வா மூவரும் ஈஸ்ற் எனும் நொதியத்தை ரபமைசினில் போட்டு, சாகாமல் தப்பியவற்றைத் தேடினார்கள். தப்பியவற்றில் பழுதாகியிருந்த மரபணுக்களில் இருந்து 1991இல் விடை வந்தது. ரபமைசினின் இலக்கு என்ற பொருளில், ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டோர் என்று பெயரிட்டார்கள். ஜெர்மன் மொழியில் டோர் என்றால் வாசல். பாசலில் ஒரு பழைய நகர வாசல் இருப்பதும் அவர்கள் மனதில் இருந்ததாம். 1994இல் அதே புரதம் பாலூட்டிகளிலும் கிடைத்தது. எங்களிலும் குதிரையிலும் இருப்பது அதுதான்: எம்டோர்.

இப்போது தசைக் கலத்துக்குள் நடப்பதைக் கோத்துப் பார்க்கலாம். இன்சுலினோ அதன் சகோதரமோ வந்து கலத்தின் வெளிச்சுவரில் உள்ள ஏற்பியில் பிடிக்கிறது. உள்ளே ஒன்றை ஒன்று தட்டி எழுப்பி, செய்தி ஆக்ட் என்ற நொதியிடம் வருகிறது. ஆக்ட் மூன்று வேலை செய்கிறது. குளூட்-4 என்ற வாய்க்கால்களைச் சுவருக்கு அனுப்பிச் சீனியை உள்ளே விடுகிறது. எம்டோரை எழுப்பிப் புதுப் புரதம் கட்டச் சொல்கிறது. ஃபாக்ஸோ என்ற அழிவுக்காரனைக் கருவுக்குள் போகவிடாமல் வாசலில் மறிக்கிறது. பட்டினியில் இன்சுலின் இறங்கும், சகோதரமும் இறங்கும், ஆக்ட் தூங்கும். ஃபாக்ஸோ உள்ளே போய்த் தசையை உடைக்கும் மரபணுக்களைத் திறக்கும். ஆவணி மாதத்தில் அந்தக் குதிரைகளின் தொடைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்.

2001இல் சூ போடினும் சகாக்களும் செய்த பரிசோதனை எங்களுக்கு மிகவும் பிடித்தது. எலியின் காலில் ஒரு தசைக்குப் பக்கத்தில் உள்ள தசைகளை எடுத்துவிட்டால், மிஞ்சியது முழுப் பாரத்தையும் தாங்கிப் பருக்கும். சில எலிகளுக்கு ரபமைசின் கொடுத்தார்கள். பாரம் அதேதான், தசை பருக்கவில்லை. ஜிம்முக்குப் போகிற எங்கள் கூட்டாளிகள் கைத்தசையைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் எம்டோர் வேலை செய்திருக்கிறது. புரோட்டீன் பவுடரில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலமும் அதே எம்டோரைத்தான் இன்னொரு பக்கத்தால் தட்டுகிறது. ஆனால் பாரம் தூக்காமல் பவுடர் மட்டும் குடித்தால் காசு கரையும், அவ்வளவே. முட்டையும் மீனும் பயறும் அதே வேலையைச் செய்யும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். தீவுப்பக்கத்தில் மீனுக்கா பஞ்சம்?

இது எங்கள் வீட்டுக் கதையாகவும் ஆவது சீனி வருத்தத்தில். அம்மம்மாவுக்கு, மாமாவுக்கு, இப்போது முப்பது வயது அண்ணாவுக்கும். "அவன் மெலிஞ்ச பிள்ளையெல்லோ, அவனுக்கு எப்பிடி வந்தது?" என்று எத்தனை வீட்டில் கேட்டிருப்போம். பூனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக் 2004இல் லான்செட் இதழில் தன் படத்தையும் இங்கிலாந்து நண்பர் யட்கினின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்போ யட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். எங்கள் பக்கத்து உடம்புகளில் பலவற்றுக்கு எடை குறைவு, தசை அதைவிடக் குறைவு. சீனி போய்ச் சேர வேண்டிய களஞ்சியமே சிறிது. அதன் கதவோ இன்சுலின் தட்டினாலும் அரைகுறையாகத்தான் திறக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கர்ப்பிணிகளுக்குச் சாப்பாடு போதாமல் இருந்ததன் தடம் இது என்பது யாஜ்னிக்கின் நீண்டநாள் வாதம். பொருளாதாரத் தடைக் காலத்தை எங்கள் அம்மாக்களிடம் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்த வாதத்தை இலேசில் தட்டிவிட முடியவில்லை.

இதில் கைக்கு எட்டுகிற ஒரு விசயம் இருக்கிறது. தசை சுருங்கும்போது குளூட்-4 இன்சுலினைக் கேட்காமலே சுவருக்கு வருகிறது. அது வேறு வழி, ஆக்டின் வழி இல்லை. இன்சுலினுக்குக் கதவு திறக்காத உடம்பிலும் நடைக்குத் திறக்கும். சாப்பிட்டதும் முற்றத்தில் நாலு நடை நட என்று பழைய ஆட்கள் சொன்னதன் உள்விபரம் இதுதான். வயது போனவர்களுக்குத் தசை வற்றுவதும் இந்தச் சங்கிலியின் கதையே. பாரம் இல்லை, நடை இல்லை, சாப்பாடு பிளேன்ரீயும் பிஸ்கற்றும். அம்மம்மாவுக்கு இரவுக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுப்பதும், பின்னேரம் கையைப் பிடித்துக் கோயிலடிக்குக் கூட்டிப்போவதும் எம்டோர் வேலைதான். (சீனிக்கு ஊசியோ குளிசையோ எடுக்கிறவர்களும், சிறுநீரகம் பழுதானவர்களும் சாப்பாட்டையும் நடையையும் மாற்றமுதல் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளட்டும்.)

ரபமைசினைப் பற்றி இப்போது வேறொரு ஆரவாரம். 2009இல் வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது ஆயுள் கூடியது. அதிலிருந்து சாகாவரம் தேடுகிற பணக்காரர் சிலர் அதைக் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எம்டோரை அமுக்கினால் எதிர்ப்புச் சக்தி குறையலாம், இரத்தச் சீனி கூடலாம் என்பது மாற்றுச் சிறுநீரகத்துக்காக அதை எடுக்கிறவர்களிடம் ஏற்கெனவே கண்ட உண்மை. மனிதருக்கு ஆயுள் கூடுமா என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. எங்களுக்கு உறுத்துவது வேறு. அந்த மண்ணின் பொருளை வைத்துக் கம்பனிகள் பெருந்தொகை உழைத்தன. ரபா நூய் சனத்துக்கு அதில் பங்கு என்று ஒன்றும் வரவில்லை. 1992இன் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை வந்தபிறகு, ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டுக்கு உரியது. சரி. ஆனால் நாடு என்றால் யார்? ரபா நூயைப் பொறுத்தவரை அது சான்டியாகோவில் இருக்கிற அரசு. எங்களுக்கு அந்தக் கேள்வி எப்படிக் கேட்கும் என்று விளக்கத் தேவையில்லை. நெடுந்தீவிலும் 2015இல் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். குதிரைகளும் அந்தக் கணக்கில் வரும். முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே கிடக்கிற அந்த உவர் மண்ணில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று நாளைக்கு யாராவது குப்பியோடு வந்தால், தீவாரிடம் யார் கேட்பார்கள்?

ரபா நூயில் மண் எடுத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1965 தை மாதம் இங்கே எடுத்த மண்ணிலிருந்துதான் ரபமைசின் கிடைத்தது என்று அதில் எழுதியிருக்கிறது. வைத்தவர்கள் பிறேசில் நாட்டு ஆய்வாளர்கள். அதனால் அந்த எழுத்து ரபா நூய் மொழியிலும் இல்லை, சிலியின் ஸ்பானிய மொழியிலும் இல்லை. போர்த்துக்கேய மொழியில் இருக்கிறது.

மாரி முடிந்து, தை மாதம் ஐயா சொன்னபடி மறுபடி நெடுந்தீவு போனோம். வெளியெல்லாம் பச்சை. அதே குதிரைகளா தெரியாது, ஆனால் பின்னந்தொடை உருண்டிருந்தது. கிட்டப் போக விடவில்லை, ஓடிவிட்டன.